மயிரிழை பேசாத பத்தொன்பது நாட்கள்

மூன்றாவது தடவையும் கடவுச்சொல் தப்பு என்று சொன்ன கணினி, இனி ஒரு மணி நேரத்துக்கு முயலவே வேண்டாம் என்று சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டு நின்றுகொண்டது. நெவில் டூன் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் விசைகளின் மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். முப்பத்திரண்டு வருஷம் இங்கிலாந்தின் டார்பி நகரத் தெருக்களில் மாடி பஸ் ஓட்டியவர். எந்தச் சந்திலும் வண்டியைப் பின்னுக்கு எடுத்துவிடுவார். பத்து எழுத்தை ஒழுங்காகத் தட்டத்தான் வரவில்லை.

"என்ன டிரைவர், வழி தப்பிடுச்சா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"முதல் எழுத்து பெருசுதானே?"

"பெருசு. நாலாவது எழுத்துக்குப் பதிலா ஒரு..." பெரிலின் மூச்சு அங்கே நின்றது. அவர் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஒன்பதில் மறுபடி வந்தது. அதற்குள் அந்த நாலாவது எழுத்து அவள் நினைவிலிருந்து போய்விட்டது.

"விடு. கதவைச் சாத்திட்டான்" என்றார் நெவில்.

முன்னறையில் சோபா இருந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் வந்து இரண்டு வாரமாகிறது. சோபா வண்டிக் கொட்டகையில் நின்றது. பெரிலின் போர்வைக்கு மேல், சின்னப் பெட்டி ஒன்று அவள் கைக்குள் சொட்டுச் சொட்டாக மருந்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. தினமும் காலை எட்டு மணிவாக்கில் கெர்ரி என்ற நர்ஸ் வந்து அதில் மருந்து மாற்றுவாள். நேற்றுப் போகும்போது வாசலில் நின்று நெவிலின் முழங்கையைப் பிடித்து, "இன்னைக்கோ நாளைக்கோதான் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

நான்கு நாளாகப் பெரில் தூங்கிக்கொண்டே இருந்தாள். இன்று காலை ஐந்தரைக்கு விளக்குப் போட்டாற்போல் கண்ணைத் திறந்தாள். நெவில் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினார். நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள், பிள்ளையில்லாத வீட்டில் அவருக்கு எல்லாமாக இருந்தவள், ஏதாவது சொல்லப் போகிறாள் என்று காதைக் கொண்டுபோய் வைத்தார்.

"போர்டுல என்ன பேசிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

போர்டு என்பது கணினியில் ஒரு பக்கம். பெம்பர்ட்டன் என்ஜினியரிங் கம்பெனியின் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்திருக்கும் சாதாரண ஆட்கள் அதில் கூடிப் பேசுவார்கள். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பெரில் அந்தக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் வெல்டிங்கில் கீறல் இருக்கிறதா என்று சோதித்தவள். ஓய்வு பெற்றபோது கையிலிருந்த பங்குகளை விற்காமல் வைத்துக்கொண்டு, பதினோரு வருஷமாக அந்தப் பக்கத்தில் 'மயிரிழை' என்ற பெயரில் எழுதிவந்தாள். கம்பெனிகள் காலை ஏழு மணிக்குத்தான் தங்கள் அறிவிப்புகளை வெளியிடும். எட்டு மணிக்குச் சந்தை திறக்கும். ஏழு ஐந்துக்குப் பெரில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுவாள். "இன்னைக்கு ஒண்ணுமில்ல, டீக்குக் கெட்டில் போடப் போறேன்" என்பதுதான் பெரும்பாலும் அந்த வரி. அந்த நேரத்தில் நெவில் ஏதாவது பேசினால் திரும்பாமல் ஒரு கையை மட்டும் உயர்த்துவாள். மற்ற வீடுகளில் குறுக்கெழுத்து, நம் வீட்டில் இது என்று அவர் அதில் தலையிட்டதே இல்லை.

எழுதத்தான் கடவுச்சொல் வேண்டும், படிக்க வேண்டாம். ஆகவே இன்று காலை முதல் தடவையாக அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து அவளுக்குப் படித்துக் காட்டினார். படிக்கப் படிக்க அவருக்கே திகைப்பாக இருந்தது. பத்தொன்பது நாளாக அங்கே அவளைப் பற்றித்தான் பேச்சு.

"மயிரிழை இன்னைக்கும் வரலை. இது சும்மா இல்லப்பா" என்று எழுதியிருந்தார் 'பெரிஸ்கோப்' என்பவர். கடற்படையில், அணு உலையில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்தவராம்.

"மனுஷன் லீவுல போயிருப்பார். எல்லாத்துலயும் சகுனம் பாக்காதீங்கய்யா" என்றது 'கிழட்டுக்கரடி'.

"லீவுல போனா சொல்லிட்டுப் போவார். அவர் என்ன சொன்னார்னு மறந்துட்டீங்களா? 'என்னை மறுபடி கம்பெனி கேட்டுக்குள்ள கூப்பிட்டாங்கன்னா, வாயைத் திறக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிடுவாங்க. அப்புறம் இங்க ஒரு வார்த்தை வராது. அதை வெச்சு நீங்களே புரிஞ்சுக்குங்க.' இது அவர் எழுதினது. நான் எடுத்து வெச்சிருக்கேன்." இதை எழுதியவர் 'சாவிக்கொத்து'.

பெரில் கண்ணை மூடிக்கொண்டு, "அய்யோ, அது விளையாட்டுக்குச் சொன்னதுடா" என்றாள்.

அவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசாங்கம் சின்ன அணு உலைகள் கட்டப்போகிறது, அவற்றின் இரும்புக் கலத்தைச் செய்யும் வேலை பெம்பர்ட்டனுக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்று ஒரு வருஷமாகக் காத்திருந்த கூட்டம் அது. வெல்டிங் சோதனையில் மயிரிழைக்கு மிஞ்சிய ஆள் இல்லை. மயிரிழை வாயை மூடிவிட்டார். அப்படியானால் ஒப்பந்தம் கிடைத்துவிட்டது, கம்பெனி அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டது. வேறு எந்தக் கூட்டமும் ஒருவர் பத்தொன்பது நாள் பேசாமல் இருந்தால் உடம்புக்கு என்ன என்றுதான் கேட்டிருக்கும்.

சாவிக்கொத்து நேற்று மாலை எழுதியதையும் நெவில் படித்தார். "ஹல் டவுன்ல ஒரு ஸ்கூலுக்கு இருபத்திமூணு வருஷம் காவல் பாத்தேன். ஸ்கூலை மூடிட்டு ஒரு தொகையைக் குடுத்து அனுப்பிட்டாங்க. அம்பத்தெட்டு வயசுக்கு எவன் வேலை தருவான்? நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு மொத்தத்தையும் பெம்பர்ட்டன்ல போடறேன். மயிரிழை பேசாம இருக்கிறதே எனக்குப் போதும்."

பெரில் கையை ஊன்றி எழப் பார்த்தாள். முடியவில்லை.

"அவன்கிட்ட சொல்லு, நெவில்."

"யார்கிட்ட?"

"சாவிக்கொத்துகிட்ட. நான் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடல. ஒப்பந்தத்தைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் செத்துக்கிட்டிருக்கேன், அவ்வளவுதான். அதைச் சொல்லு."

அந்தச் சொல்லை அந்த வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. டாக்டர்கூட சுற்றிவளைத்துத்தான் பேசினார். அவள் அதைத் தனக்காகச் சொல்லவில்லை, ஹல் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடக் காவல்காரனுக்காகச் சொன்னாள். அது அவருக்குக் கொஞ்சம் வலித்தது.

கடவுச்சொல் கதவு மூடிவிட்டதால் வேறு வழியில்லாமல் புதுப் பெயரில் சேர்ந்தார். என்ன பெயர் வேண்டும் என்று கேட்டதற்குச் சொந்தப் பெயரையே கொடுத்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி முடித்தபோது ஏழு மணி நாலு நிமிஷம். பெம்பர்ட்டனிடமிருந்து அன்றும் அறிவிப்பு எதுவும் வரவில்லை.

"நீங்கள் மயிரிழை என்று சொல்பவர் என் மனைவி பெரில். அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய். இனி அதிக நேரம் இல்லை. அதனால்தான் எழுதவில்லை. கம்பெனியைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. தயவுசெய்து அவள் பேசாததை வைத்து யாரும் எதையும் வாங்காதீர்கள். நெவில் டூன்."

படித்துக் காட்டினார். பெரில் தலையசைத்தாள். அனுப்பினார். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு அவள் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு வந்து பார்த்தால், அதற்குள் பக்கம் பற்றி எரிந்துகொண்டிருந்தது.

"புது ஆளு. மொதப் பதிவே இதுதான். விலையை இறக்கி விட்டுக் கீழ இருந்து அள்ளப் பாக்குறான்."

"சாவை வெச்சுக்கூட வியாபாரம் பண்ணுவீங்களாடா? வெக்கமா இல்ல?"

கிழட்டுக்கரடி சிரிப்புக் குறியோடு எழுதியிருந்தது. "புளுகினாலும் பொருந்தப் புளுகணும் தம்பி. மயிரிழை ஆம்பளைன்னு இங்க பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவரைப் போய் மனைவிங்கிறியே!"

கடைசியாக சாவிக்கொத்து. "எனக்கு இப்பதான் நூத்துக்கு நூறு நம்பிக்கை வந்திருக்கு. பொய் சொல்லி இறக்கற அளவுக்கு ஒருத்தன் பயப்படறான்னா, விஷயம் நெஜம். எட்டு மணிக்கு மொத்தமும் போடறேன். நன்றி நெவில் டூன்!"

நெவிலின் காது மடல் சுட்டது. உண்மையைச் சொன்னதற்கு எழுபத்துநாலு வயதில் அவரைத் திருடன் என்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. சும்மா இருந்திருந்தால் அந்த மனிதன் ஒருவேளை தயங்கியிருப்பான், இப்போது தயங்க மாட்டான். அவரே அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

"என்ன சொல்றாங்க? மறைக்காம படி" என்றாள் பெரில்.

படித்தார். அவள் தொண்டையில் ஏதோ கரகரத்தது. வலியோ என்று பயந்து எழுந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்பளையா? பதினோரு வருஷமாவா?"

"நீ சொல்லவே இல்லையா?"

"யாரும் கேக்கலையே." சிரித்த களைப்பில் அவள் கண் செருகியது. மறுபடி தூங்கிப்போனாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இப்போது பதினொன்று வரை எண்ண முடிந்தது.

நெவில் மேசைக்கு வந்து அந்தப் பக்கத்தைப் பின்னோக்கித் தள்ளித் தள்ளிப் படித்தார். தன்னைத் திட்டியவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆரம்பித்தார். ஆனால் அவர் கண்ணில் பட்டதெல்லாம் பெரில்தான். மூன்று வருஷத்துக்கு முன் ஒருவர், அணு உலையில் போடும் எரிபொருள் வில்லை எவ்வளவு பெரிசு இருக்கும் என்று கேட்டிருந்தார். "என் வீட்டுக்காரரோட சுண்டுவிரல் நுனி அளவு. ஒரு டன் நிலக்கரி எரிச்சா வர்ற சூடு அதுக்குள்ள இருக்கு. அவங்கப்பா சுரங்கத்துல கரி வெட்டினவர். இதைச் சொன்னப்போ ரொம்ப நேரம் அவர் பேசவே இல்லை" என்று அவள் பதில் எழுதியிருந்தாள். வீட்டுக்காரர் என்று எழுதியும் அந்தக் கூட்டத்துக்கு உறைக்கவில்லை.

அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. கம்பெனி தன் ஆட்களின் குடும்பங்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட ஒரு சனிக்கிழமை. பெரிய கூடத்தின் நடுவில் ஒரு கலம் படுக்கவைக்கப்பட்டிருந்தது. அவர் ஓட்டிய பஸ்ஸைவிடக் கொஞ்சம் குட்டை. சாண் கனத்துக்கு இரும்புச் சுவர். கூட்டத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை, தொப்பி போட்டிருந்தவர்கள் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். பெரில் அவர் கையைப் பிடித்து இரண்டு வளையங்கள் சேரும் இடத்தில் வைத்தாள். "எங்க சேந்திருக்குன்னு சொல்லு" என்றாள். அவர் தடவித் தடவிப் பார்த்தார், தெரியவில்லை. இதற்குள் தண்ணீர் கொதிக்காமலே கொதிநிலையைத் தாண்டிச் சுடும், அறுபது வருஷம் இந்தச் சுவர் அதைப் பிடித்து நிற்க வேண்டும், இதில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அந்தச் சின்ன வில்லையைப் பற்றியும் அங்கேதான் சொன்னாள். தன் அப்பாவும் அவரோடு இறங்கிய நூறு பேரும் ஆயுசெல்லாம் வெட்டியது அவருக்கு நினைவுக்கு வந்தது.

ஏழு முப்பத்தொன்றுக்கு அவர் பெயருக்கு ஒரு கேள்வி வந்தது. பெரிஸ்கோப் எழுதியிருந்தார்.

"நெவில் டூன், நீங்க யாரோ எனக்குத் தெரியாது. பொய்யா இருந்தா கடவுள் உங்களை மன்னிக்கட்டும். நெஜமா இருந்தா நாங்க எல்லாரும் மன்னிப்புக் கேக்கணும். மயிரிழை ஒரு தடவை எனக்குத் தனியா எழுதினார். வேலைக்குச் சேந்த முதல் வருஷம் அவர் செஞ்ச ஒரு தப்பைப் பத்தி. அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. என்ன தப்புன்னு கேட்டுச் சொல்லுங்க. அவர்னா மூணு வார்த்தையில சொல்லிடுவார்."

நெவிலுக்குத் தெரியாது. பெரில் வேலையில் தப்புச் செய்ததாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் வலி இல்லை. எழுப்பினால் வலி வரலாம். எழுப்பினாலும் அவளிடம் மிச்சமிருப்பது நாலைந்து வார்த்தைகள்தான். அவை எனக்கு வேண்டும் என்று நினைத்தார். நான்கு நாளாக அதற்காகத்தானே அந்த நாற்காலியில் கிடக்கிறார். முகம் தெரியாத பெரிஸ்கோப்புக்கும் சாவிக்கொத்துக்கும் அவற்றை அள்ளிக் கொடுக்க வேண்டுமா? அப்பட்டமான பொறாமை அது. அவருக்கே அது தெரிந்தது.

சுவர்க் கடிகாரம் ஏழு முப்பத்தைந்து காட்டியது. எழுந்து போய் அவள் தோளைத் தொட்டார்.

"பெரில். பெரிஸ்கோப் ஒண்ணு கேக்குறார். முதல் வருஷம் நீ என்ன தப்புப் பண்ணினன்னு."

இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அவள் கண்ணைத் திறக்காமலே உதட்டை அசைத்தாள்.

"பசை காஞ்சு போச்சு."

"என்ன பசை?"

"வால்பேப்பர் பசை." ஒரு மூச்சு. "அதைத் தடவித்தான் கருவியை இரும்பு மேல வைப்போம். அப்பதான் சத்தம் உள்ள போகும். கீறல் இருந்தா திரும்பி வரும். இல்லன்னா ஒண்ணும் வராது." நீண்ட இடைவெளி. அவர் தண்ணீர்ப் பஞ்சை வைத்தார். "ஒரு முழத்துக்கு ஒண்ணும் வரல. சுத்தமா இருக்குன்னு கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து கையைக் கழுவறேன், பசை பொருக்குத் தட்டியிருக்கு. எப்பவோ காஞ்சிருக்கு. சத்தம் உள்ளயே போகல, நெவில். அதான் ஒண்ணும் வரல."

"அப்புறம்?"

"மறுநாள் ஃபோர்மேன்கிட்ட போய்ச் சொன்னேன். கத்தினார். மறுபடி பாத்தேன். இருந்துச்சு." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போல் வைத்துக் காட்டினாள். "மயிரிழை."

அவளுடைய வேலைச் சட்டையின் கைப்பட்டியில் காய்ந்திருக்கும் பசையை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தவர் அவர்தான். எதற்கு என்று கேட்டதில்லை. இதே அறைக்குச் சுவர்க் காகிதம் ஒட்டியபோது அவள் மாவு கரைப்பதைப் போலப் பசை கலக்குவதைப் பார்த்து, ஓட்டல் வைக்கலாம் போலிருக்கே என்று கிண்டல் செய்திருக்கிறார். அதன் பின்னால் இப்படி ஒரு ராத்திரி, இப்படி ஒரு மறுநாள் காலை இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல் போயிருக்கக்கூடிய ஒன்றைத் தானே போய்ச் சொன்ன முப்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்திருக்கிறாள். இவளோடா இத்தனை வருஷம் ஒரே மேசையில் முட்டை தின்றோம் என்று அவருக்குப் பிரமிப்பாக இருந்தது.

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா, 'போனாப் போகுது, அதான் சரி பண்ணிட்டியே'ன்னு சொல்லியிருப்ப."

உண்மைதான். அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"அந்த ஆளு அப்படிச் சொல்ல மாட்டான்" என்றாள் பெரில். "அந்த மாதிரிச் சுவருக்குப் பக்கத்துல படுத்துத் தூங்கினவன். போ. தட்டு."

நெவில் தட்டினார். அவசரத்தில் ஒரு எழுத்து விட்டுப்போய், அதை அழித்து, மறுபடி தட்டினார். "பசை காய்ந்துபோச்சு. சத்தம் உள்ளே போகவில்லை. அதனால் ஒன்றும் வரவில்லை. சுத்தம் என்று நினைத்துவிட்டாள்." அதற்குக் கீழே, யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானாகவே ஒரு வரி சேர்த்தார். "இப்போது நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள்." ஏழு நாற்பத்தொன்பதுக்கு அது போய்ச் சேர்ந்தது.

நெவில் நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கி இழுத்துக்கொண்டார்.

பிறகு பெரிஸ்கோப் எழுதினார். "அவங்கதான்."

அதற்கு முன் ஒரு தடவைகூட அந்த இடத்தில் பெரிலை யாரும் 'அவங்க' என்று சொன்னதில்லை. அடுத்த வரி ஒரு நிமிஷம் கழித்து வந்தது. "நெவில் சார், கடலுக்கு அடியில ஒவ்வொரு தடவையும் மூணு மூணு மாசம் இருந்திருக்கேன். நான் படுக்கிற இடத்துக்கும் உலைக்கும் நடுவுல பதினஞ்சு அடி. எந்தப் புண்ணியவான் இதைச் சோதிச்சிருப்பான்னு நினைச்சுக்குவேன். புண்ணியவான்னுதான் நினைச்சேன். அவங்க காதுல சொல்லுங்க, நல்லாத் தூங்கினேன்னு."

கிழட்டுக்கரடி, "நான் ஒரு கழுதை. மன்னிச்சுக்குங்க" என்று மட்டும் எழுதியது. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். காலையில் அவரைத் திட்டியவர்கள் தங்கள் பதிவுகளைத் தாங்களே அழித்துக்கொண்டார்கள்.

சாவிக்கொத்து மட்டும் வரவில்லை.

ஏழு ஐம்பத்தைந்து. நெவில் கட்டிலருகே போய்ப் பெரிஸ்கோப் சொன்னதைக் காதில் சொன்னார். அவள் புருவம் லேசாக ஏறி இறங்கியது. கை குளிர்ந்திருந்தது. அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். வெளியே குப்பை வண்டி வந்து தெருவில் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டு போனது. மூச்சின் இடைவெளி இப்போது பதினாறு. ஒவ்வொரு தடவையும் அவ்வளவுதான் என்று நினைத்தார், ஒவ்வொரு தடவையும் எங்கிருந்தோ அது திரும்பி வந்தது. இவ்வளவு மெலிந்த உடம்பு இதை எங்கே வைத்திருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. பயம்கூட விலகி நின்றுகொண்டது. கூடத்தின் நடுவில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றவர்களைப் போல அவரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கிட்டானா?" என்றாள் பெரில். காற்றுதான் வந்தது, குரல் இல்லை.

கடிகாரத்தில் எட்டு தாண்டியிருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், அவள் நிம்மதியாகப் போவாள். உலகத்தில் எந்தப் புருஷனும் அதைத்தான் சொல்வான்.

"வாங்கல" என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். மங்கிய கண்தான், ஆனால் நேராக அவரையே பார்த்தது.

"பாத்தியா?"

நெவிலால் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் பார்க்காமல் ஒரே ஒரு தடவை கையெழுத்துப் போட்டவள்.

"இல்ல" என்றார்.

"போய்ப் பாரு."

கையைப் போர்வை மேல் வைத்துவிட்டு எழுந்தார். மேசைக்கு ஐந்து காலடி. கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது, இறக்கிப் போட்டுக்கொண்டு குனிந்தார். சாவிக்கொத்து ஏழு ஐம்பத்தெட்டுக்கு எழுதியிருந்தார். நெவில் பெயரைச் சரிபார்த்தார். நேரத்தைச் சரிபார்த்தார். பிறகு, பெரிலின் காதுக்கு எட்ட வேண்டும் என்பதால், பஸ்ஸில் நிறுத்தம் சொல்வதைப் போல உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

"நெவில் சார். ஒண்ணும் வாங்கல. எட்டு மணிக்குன்னு நேத்தே சொல்லி வெச்சிருந்தேன், இப்ப ரத்து பண்ணிட்டேன். இதை முதல்ல அவங்ககிட்ட சொல்லிடுங்க. மிச்சத்தை அப்புறமாப் படிங்க."

அங்கே நிறுத்தினார். பின்னால் மூச்சு வருகிறதா என்று காது கொடுத்தார். எண்ணினார். பதினாறு. இருபது. முப்பதுக்கு மேல் எண்ணவில்லை. பின்னால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

"ஸ்கூலைச் சூடாக்குற கொதிகலனைப் பாத்துக்கிட்டதும் நான்தான். காலையில அஞ்சு மணிக்குப் போய் அதைத் தட்டிப் பாப்பேன். சத்தம் ஒழுங்கா இருந்தாத்தான் கதவைத் திறப்பேன். எண்ணூறு பிள்ளைங்க. மயிரிழை எழுதறதுல பாதி எனக்குப் புரியாது. ஆனா நம்மளை மாதிரி ஒரு ஆளுன்னு மட்டும் புரிஞ்சுது."

வாசல் கதவு திறந்தது. கெர்ரியிடம் சாவி உண்டு. கோட்டோடும் மருந்துப் பையோடும் முன்னறை வாசலில் வந்தவள், வழக்கமாகக் கேட்பதைக் கேட்க வாயெடுத்து, கட்டிலைப் பார்த்ததும் நிறுத்தினாள். ஒரு பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நெவில் கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி படித்துக்கொண்டிருந்தார். பாவம், இவருக்கு இன்னும் தெரியாது என்று நினைத்து அவள் மெதுவாக அவர் பக்கம் நகர்ந்தாள்.

"நெவில்" என்றாள். "நெவில், கண்ணு..."

அவர் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

"தெரியும் கண்ணு. இன்னும் ரெண்டு வரி இருக்கு."

கெர்ரி பையைக் கீழே வைக்காமல் அங்கேயே நின்றாள். நெவில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, விரலை எழுத்தின் கீழே வைத்து, அடுத்த வரியை இன்னும் கொஞ்சம் உரக்கப் படித்தார்.